கர்வால் ரைபிள்ஸின் தடத்தில்: கோட்துவார் முதல் சம்பா வரை

நாள் 1: தில்லி – கோட்துவார் – லான்ஸ்டவுன்

உத்தராகண்டின் கர்வால் மலைப்பகுதியின் பெயரைத் தாங்கிய இந்தியக் காலாட்படை ரெஜிமென்ட்டான கர்வால் ரைபிள்ஸின் வரலாற்றைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் லான்ஸ்டவுனோடு திரும்பிவிடுகிறார்கள். மியூசியம், போர் நினைவுச்சின்னம், பழைய தேவாலயம், ஏரியில் ஒரு படகுச் சவாரி, அவ்வளவுதான். அதில் தலைமையகம் தெரியும், ரெஜிமென்ட் தெரியாது. ரெஜிமென்ட் என்பது குடும்பப் பெயர் மாதிரி. சண்டைக்குப் போனதும், அழிந்ததும், ஒருமுறை கட்டளையையே மறுத்ததும் அதற்குள் இருந்த பட்டாலியன்கள்தான். எந்தக் கதை காதில் விழுந்தாலும் ‘இது எந்த பட்டாலியன்?’ என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தில்லியிலிருந்து கோட்துவாருக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. நேரடி ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் நஜீபாபாத் வரை வந்து இறங்கலாம். அங்கிருந்து கோட்துவார் 25 கிலோமீட்டருக்கும் குறைவு, பஸ்ஸும் ஷேர் வண்டியும் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் சமவெளியில் மூடுபனி இறங்கினால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த மாதங்களில் அன்றே மலையேறலாம் என்று கணக்குப் போடாமல் கோட்துவாரில் ஓர் இரவு தங்குவது நல்லது.

கோட்துவாரிலிருந்து லான்ஸ்டவுன் சுமார் 40 கிலோமீட்டர். ஷேர் ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். மாலையானால் ஆள் சேராது, தனி வண்டிக்கான காசு கொடுக்க வேண்டிவரும். ஆகவே மதியத்துக்குள் ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள். துகட்டா வரை கோ ஆற்றை ஒட்டிய பாதை, அதன்பிறகு வளைவுக்கு மேல் வளைவு. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுவரை மண்சரிவுக் காலம். வழி அடைபட்டால் ஒரு மணி நேரத்திலும் திறக்கும், மறுநாளும் ஆகும்.

மேலே போகுமுன் ஒரு முன்கதை. 1804 முதல் 1815 வரை கர்வாலை ஆண்டவர்கள் நேபாளத்தின் கூர்க்காக்கள். ஆங்கிலேயரோடு நடந்த போரில் அவர்கள் தோற்றபின் நாடு இரண்டானது. அலகநந்தாவுக்குக் கிழக்கே பிரிட்டிஷ் கர்வால், மேற்கே ராஜாவின் தெஹ்ரி சமஸ்தானம். அதற்குப்பின் 70 ஆண்டுகளுக்கு மேலாகக் கர்வாலிகளுக்கென்று தனிப் படை கிடையாது. பட்டாளத்தில் சேர விரும்பியவன் கூர்க்கா ரெஜிமென்ட்டில்தான் போய்ச் சேர்ந்தான். பல்பத்ர சிங் நேகி அப்படிச் சேர்ந்தவர். 5ஆம் கூர்க்காவில் இருந்து, ஆப்கான் போரில் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற வீர விருது பெற்று, சுபேதாராகி, இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி ராபர்ட்ஸின் உதவி அதிகாரி வரை உயர்ந்தவர். கர்வாலிகளுக்குத் தனி பட்டாலியன் வேண்டும் என்ற யோசனை ராபர்ட்ஸின் காதில் ஏறியது இவரால்தான் என்பது மலை முழுக்கச் சொல்லப்படுவது.

1887 மே 5, அல்மோரா. கர்னல் மேன்வேரிங் தலைமையில் பட்டாலியன் உருவானது. அதற்கு வைத்த பெயர்: 3ஆம் கூர்க்கா ரெஜிமென்ட்டின் 2ஆவது பட்டாலியன். பட்டாலியனின் உட்பிரிவான கம்பெனிகள் எட்டில் ஆறு கர்வாலிகள், இரண்டு கூர்க்காக்கள். தங்களை ஆண்டவர்களின் பெயரையே முதல் சீருடையில் சுமந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் காலூடாண்டா என்ற காட்டு மலைக்கு வந்து இறங்கினார்கள். 1890இல் வைஸ்ராய் லான்ஸ்டவுன் பெயர் இந்த மலைக்குச் சூட்டப்பட்டது.

நாள் 2: லான்ஸ்டவுன்

ஊர் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்பு ஊர் என்பதால் புதுக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு. முசூரி, நைனிதால் மாதிரி ஊதிப்போகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும். ராணுவக் குடியிருப்புகள், பயிற்சி மைதானம், காவல் வாசல்கள் ஆகியவற்றைப் படமெடுக்காதீர்கள். ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம். ‘தடை’ப் பலகை இருக்கும் பாதையில் கூகுள் மேப் வழிகாட்டினாலும் போகக்கூடாது. மேப்புக்கு ராணுவ எல்லை தெரியாது, சென்ட்ரிக்குத் தெரியும்.

காலையில் முதல் வேலையாக மியூசியத்துக்குப் போங்கள். முதல் உலகப்போரில் பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற தர்வான் சிங் நேகி பெயரில் உள்ளது. காலையில் ஒரு பொழுது, மாலையில் ஒரு பொழுது என்றுதான் திறப்பார்கள். நண்பகலில் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு. அன்றைய நேரத்தை முதல்நாள் மாலையே வாசலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை, ஆகவே சின்ன நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துப்போவது நல்லது.

உள்ளே எல்லோரையும் குழப்புவது பெயர்கள். ஒரே படைக்கு ஏழெட்டுப் பெயர்கள். இந்த வரிசையை எழுதிக்கொண்டு போனால் எந்தப் பொருளையும் காலத்தில் பொருத்திவிடலாம். 1887இல் 3ஆம் கூர்க்காவின் 2ஆவது பட்டாலியன். 1891இல் கூர்க்கா கம்பெனிகள் இரண்டும் பிரிந்துபோக, மிச்சமிருந்தவர்கள் வங்காளக் காலாட்படையின் 39ஆவது ரெஜிமென்ட் ஆனார்கள். 1892இல் ‘ரைபிள்ஸ்’ சேர்ந்தது. 1901இல் இங்கேயே இரண்டாம் பட்டாலியன் திரட்டப்பட்டது. பிறகு 39ஆம் கர்வால் ரைபிள்ஸ். 1921இல் ‘ராயல்’ பட்டம். 1922இன் மறுசீரமைப்பில் எண் மாறி 18ஆம் ராயல் கர்வால் ரைபிள்ஸ். 1945இல் எண் போனது. குடியரசானபின் ‘ராயல்’ போனது. மிஞ்சியது இன்றைய கர்வால் ரைபிள்ஸ்.

இங்கே ஒரு பொறி உண்டு. 1891க்கு முன்னும் வங்காளப் படையில் 39 என்ற எண்ணோடு வேறொரு படை இருந்தது. அதைக் கலைத்துவிட்டுத்தான் அந்த எண்ணைக் கர்வாலிகளுக்குக் கொடுத்தார்கள். 1880களின் ஆவணத்தில் ‘39’ என்று பார்த்தவுடன் தாத்தாவின் படை என்று துள்ளிக் குதித்துவிடக் கூடாது.

‘ரைபிள்ஸ்’ என்பது வெறும் அலங்காரப் பெயரில்லை. பிரிட்டிஷ் மரபில் ரைபிள் படைகளுக்குக் கொடி கிடையாது. மற்ற காலாட்படைகள் கொடியில் போர்க்களப் பெயர்களைத் தைத்து வைத்திருக்கும், இவர்களிடம் அது இருக்காது. சிப்பாய் என்ற பதவிப் பெயரும் இல்லை, ரைபிள்மேன்தான். சீருடையில் கவனிக்க வேண்டியது வலது தோளில் தொங்கும் முறுக்கிய சிவப்புக் கயிறு. ‘ராயல்’ பட்டத்தோடு வந்த மரியாதை அது. பட்டத்தை எடுத்த பிறகும் கயிறு நிலைத்துவிட்டது. பழைய குழுப் படங்களில் ஆண்டு குறிக்கப்படாவிட்டால் முதலில் வலது தோளைப் பாருங்கள். கயிறு இருந்தால் படம் 1921க்குப் பிந்தியது.

இனி முதல் உலகப்போரின் பிரான்ஸ். இந்த ரெஜிமென்ட்டின் பெயரை உலகம் கேட்டது அங்கேதான். 1914 அக்டோபரில் 1ஆம், 2ஆம் பட்டாலியன்கள் இரண்டும் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. இந்திய பட்டாலியன் என்றால் ஏறத்தாழ 750 பேர், அவர்களுக்கு மேல் 12, 13 பிரிட்டிஷ் அதிகாரிகள். கொண்டுவந்த பழைய துப்பாக்கிகள் ஐரோப்பாவில் புழங்கிய புதிய தோட்டாவுக்குப் பொருந்தாததால் அங்கேயே புது லீ-என்ஃபீல்டு கொடுத்தார்கள். கைபழகாத துப்பாக்கியோடு, வெயில்காலத் துணியோடு, நவம்பர் குளிரில் போர்முனைக்குப் போனார்கள். இரண்டு பட்டாலியன்களும் மீரட் டிவிஷனின் கர்வால் பிரிகேடில் இருந்தன. அதே பிரிகேடில் பக்கத்து அணியாக நின்றது 3ஆம் கூர்க்காவின் 2ஆவது பட்டாலியன். 1891இல் பிரிந்துபோன அந்த இரண்டு கம்பெனிகளைக் கருவாக வைத்து வளர்ந்த அதே படை.

தர்வான் சிங்கின் செயலைப் புரிந்துகொள்ளப் பதுங்குகுழியின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். குழியை நேர்கோட்டில் வெட்டமாட்டார்கள். வெட்டினால் ஒரு முனையில் நுழைந்தவன் மறுமுனை வரை எல்லோரையும் சுட்டுத்தள்ளலாம். ஆகவே சில கஜத்துக்கு ஒருமுறை ஒரு மண்திட்டை விட்டு, குழி அதைச் சுற்றி வளைந்து போகும்படி வெட்டுவார்கள். எதிரி பிடித்த குழியை மீட்பதென்றால் இந்தத் திட்டுகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். திட்டுக்கு மேலாக ஒரு குண்டை வீசி, வெடித்த கணத்தில் பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) மூலையைச் சுற்றிப் பாய வேண்டும். அடுத்த திட்டு. மறுபடி அதே வேலை. மூலையை முதலில் திரும்புகிறவன்மேல்தான் முதல் தோட்டா. 1914இல் கைக்குண்டுக்கும் பஞ்சம். ஜாம் டப்பாவில் வெடிமருந்தை அடைத்துத் திரி வைத்த நாட்டுச் சரக்குதான் பாதி. நனைந்தால் பற்றாது. திரி நீளமாகிவிட்டால் எதிரி அதை எடுத்துத் திருப்பி வீசுவான்.

நவம்பர் 23 இரவு ஃபெஸ்துபெர் அருகே ஜெர்மானியரிடம் பறிபோன குழிகளை முதல் பட்டாலியன் பக்கவாட்டிலிருந்து இப்படித்தான் மீட்டது. தலையில் இரண்டு காயம், கையில் ஒன்று. அந்தக் காயங்களோடேயே ஒவ்வொரு திட்டையும் முதலில் சுற்றியவர்களில் ஒருவராக நாயக் தர்வான் சிங் இருந்தார். டிசம்பர் 5ஆம் தேதி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பிரான்சிலேயே அவருக்கு விக்டோரியா கிராஸை அணிவித்தார். அரசிதழில் அறிவிப்பு வந்தது அதற்குப் பிறகு, டிசம்பர் 7இல். அதே அறிவிப்பில் பலூச்சி படையின் குதாதாத் கானும் இருந்தார். வீரச்செயலின் தேதிப்படி அவர் முந்தியவர், பதக்கத்தைக் கையில் வாங்கியதில் தர்வான் சிங் முந்தியவர். ‘முதல் இந்தியர் யார்’ என்ற ஓயாத சண்டைக்கு இவ்வளவுதான் விஷயம்.

1915 மார்ச் 10, நூவ் ஷப்பேல். காலை 7.30க்குப் பீரங்கி தொடங்கி 35 நிமிடம் கொட்டியது. 8.05க்குத் தாக்குதல். இரண்டாம் பட்டாலியன் குறித்த இடத்தில் புகுந்தது. அதில் ரைபிள்மேன் கபர் சிங் நேகி, வயது 19. தர்வான் சிங் செய்த அதையே செய்தார், ஒவ்வொரு திட்டையும் முதலில் சுற்றினார், எதிரிகள் சரணடையும்வரை விரட்டினார், அன்றே இறந்தார். முதல் பட்டாலியனுக்கு நேர்ந்தது வேறு. கிளம்பியவுடன் திசை தவறி வலப்புறம் விலகிவிட்டது. அங்கே பீரங்கிக் குண்டு விழவில்லை, முள்கம்பி அறுபடாமல் முழுசாக நின்றது. வேலியின் முன் நின்றவர்களை இயந்திரத் துப்பாக்கி அறுத்தது. முன்சென்ற கம்பெனிகளின் பிரிட்டிஷ் அதிகாரிகள் அத்தனை பேரும் விழுந்தார்கள். ஆள் சேர்க்கும் வட்டாரமோ சின்னது, இழந்த எண்ணிக்கையை வேகமாக நிரப்ப வழியில்லை. கடைசியில் இரண்டு பட்டாலியன்களையும் கொஞ்ச காலத்துக்கு ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள்.

பரேடு மைதானத்தை ஒட்டிய போர் நினைவுச்சின்னத்தை 1923 நவம்பர் 11இல் தளபதி ராலின்சன் திறந்துவைத்தார். முதல் உலகப்போர் முடிந்த நாளின் நினைவாகத் தேர்ந்த தேதி. வெளியிலிருந்து பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், விழா நாட்களில் நடக்காது. செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1890களில் கட்டியது. 1947க்குப் பிறகு பாழடைந்து கிடந்ததை ரெஜிமென்ட்டே செப்பனிட்டிருக்கிறது. அரைமணி போதும்.

ரெஜிமென்ட்டின் மூன்றாவது விக்டோரியா கிராஸை யாரும் பேசுவதில்லை. வசீரிஸ்தானில் 1920 ஜனவரி 2 அன்று இறந்த லெப்டினன்ட் வில்லியம் கென்னி, 4ஆம் பட்டாலியன். கர்வாலி இல்லை என்பதால் ஊர்த்திருவிழா இல்லை.

நாள் 3: லான்ஸ்டவுன் – பௌரி – ஸ்ரீநகர்

லான்ஸ்டவுனிலிருந்து பௌரிக்கு நேர் வண்டி எப்போதும் கிடைக்காது. கும்கால் வரை ஒன்று, அங்கிருந்து சத்புலி வழியாக இன்னொன்று என்று மாறிப் போக வேண்டியிருக்கும். ஜி.எம்.ஓ.யு. (கர்வால் மோட்டார் ஓனர்ஸ் யூனியன்) பஸ் காலையிலேயே கிளம்பிவிடும். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்றாலும் மூன்று மணிநேரத்துக்குக் குறைந்து போக முடியாது. சத்புலியில் நயார் ஆற்றங்கரைக் கடைகளில் மீன் சாப்பாடு நன்றாக இருக்கும். பௌரி பிரிட்டிஷ் கர்வாலின் தலைமையிடமாக இருந்த ஊர். வானம் தெளிந்திருந்தால் இமயச் சிகரங்கள் வரிசையாகத் தெரியும். அதற்கு மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பர்தான் சரி.

இன்றைய பாதை இரண்டாம் பட்டாலியனின் இன்னொரு முகத்துக்கானது. கபர் சிங்கைத் தந்த அதே பட்டாலியன், 1922க்குப் பிறகு 18ஆம் ராயல் கர்வால் ரைபிள்ஸின் 2ஆவது பட்டாலியன். 1930 ஏப்ரலில் பெஷாவரில் இருந்தது. 23ஆம் தேதி ‘எல்லை காந்தி’ கான் அப்துல் கஃபார் கான் கைதானதும் கிஸ்ஸா கவானி கடைவீதி பற்றி எரிந்தது. ஆயுதமில்லாத கூட்டத்தின்மேல் சுடச் சொன்னபோது ஹவில்தார் சந்திர சிங் தடுத்தார் என்பது கர்வாலில் குழந்தைக்கும் தெரிந்த கதை. மறுநாள் நகருக்குள் போக பஸ்ஸில் ஏறச் சொன்னபோது இரண்டு பிளாட்டூன்கள் (கம்பெனியின் உட்பிரிவுகள்) மறுத்தன. இந்த இரண்டு நாட்களையும் ஒன்றாகக் கலந்து சொல்வது வழக்கமாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால்தான் அது கணநேரத்து உணர்ச்சியில்லை, இரவெல்லாம் யோசித்து எடுத்த முடிவு என்பது தெரியும். எனக்கு அந்த மறுநாள்தான் பெரிது.

சந்திர சிங் ஒன்றும் புதுப் பையன் இல்லை. 1914இல் லான்ஸ்டவுனில் சேர்ந்து பிரான்சையும் மெசபடோமியாவையும் பார்த்தவர். அபோட்டாபாதில் ராணுவ விசாரணை நடந்தது. கர்வாலைச் சேர்ந்த பாரிஸ்டர் முகுந்தி லால் வாதாடினார். தூக்கு தப்பியது, ஆயுள் தண்டனை விழுந்தது. 1941இல் விடுதலையானார். 1979இல் மறைந்தார்.

இவர் பெயரைத் தேடி மியூசியத்துக்கு மட்டும் போனால் போதாது. பௌரி மாவட்டத்தின் பர்சாரில் உள்ள தோட்டக்கலைப் பல்கலைக்கழகம், ஸ்ரீநகரின் அரசு மருத்துவக் கல்லூரி, மாநிலச் சுற்றுலாத்துறையின் சுயதொழில் கடன் திட்டம், எல்லாம் ‘வீர் சந்திர சிங் கர்வாலி’ பெயரில்தான். பீட்டசைனில் அவர் சிலையும் நினைவிடமும் உள்ளன. பௌரியிலிருந்து போய்வர ஒரு முழு நாளும் தனி வண்டியும் வேண்டும். பஸ்ஸை நம்பிப் போனால் இரவு அங்கேயே தங்க வேண்டியதுதான்.

பௌரியிலிருந்து ஸ்ரீநகர் 30 கிலோமீட்டர் இறக்கம். காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, கர்வால் ராஜாக்களின் பழைய தலைநகர். உயரம் 560 மீட்டர்தான். மே மாதத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி மூட்டைக்குள் திணிக்க வேண்டிவரும்.

நாள் 4: ஸ்ரீநகர் – கர்ணபிரயாக் – ஸ்ரீநகர்

ஸ்ரீநகரிலிருந்து ருத்ரபிரயாக் வழியாக 65 கிலோமீட்டர் போல. யாத்திரைக் காலத்தில், அதாவது மே, ஜூனில், பத்ரிநாத் போகும் வண்டிகளால் பாதை நெரியும். காலை ஆறுமணிக்கே கிளம்பினால் பிழைக்கலாம். மலைப்பாதையில் எங்கெங்கும் சுரங்க வேலை தெரியும், ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில்பாதை. 125 கிலோமீட்டரில் பெரும்பகுதி மலைக்குள்ளே போகிறது.

இதற்கும் முதல் பட்டாலியனுக்கும் தொடர்புண்டு. விக்டோரியா கிராஸ் வாங்கிய தர்வான் சிங்கிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, கர்ணபிரயாகில் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடமும் அதுவரைக்கும் ரயிலும் கேட்டார் என்பது இந்த வட்டாரத்தின் பெருமை. பள்ளிக்கூடம் வந்தது. ரயிலுக்கு அப்போது அளவெடுத்ததோடு சரி. நிலமோ பென்ஷனோ கேட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய கஃபார்தீர் கிராமம் பிண்டார் ஆற்றை ஒட்டிய நாராயண்பகர் பக்கம்.

நாள் 5: ஸ்ரீநகர் – சம்பா

கீர்த்திநகர் பக்கம் பாலம் கடந்து மலேதா போய், அங்கிருந்து தெஹ்ரி அணையின் மேலாகச் சம்பாவுக்கு வரலாம். இந்தக் கரை பழைய சமஸ்தானத்தின் நிலம். அணை நீருக்கு அடியில் ராஜாவின் தெஹ்ரி நகரம் கிடக்கிறது. இமாச்சலத்தின் சம்பாவோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வண்டி கேட்கும்போது ‘தெஹ்ரி சம்பா’ என்று சொன்னால்தான் சரியான பதில் வரும்.

கபர் சிங் பிறந்த மஞ்யூட் கிராமம் இதன் அருகில். பிரிட்டிஷ் கர்வாலுக்கு வெளியே, சமஸ்தானத்துக் குடிமகனாகப் பிறந்தவர். ரெஜிமென்ட் இரண்டு கரைகளிலும் ஆள் எடுத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நாற்சந்தியை ஒட்டியே அவர் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் பைசாக் மாதத்தில், ஏப்ரல் 20 அல்லது 21 அன்று, இங்கே மேளா. ரெஜிமென்ட்டும் வந்து மரியாதை செய்யும். அந்த நாளுக்குப் போகிறவர்கள் முதல்நாளே அறை பிடித்துவிட வேண்டும். விழாவன்று காலை ரிஷிகேஷிலிருந்து கிளம்பினால் நெரிசலில் மாட்டி மரியாதை அணிவகுப்பைத் தவறவிடுவீர்கள். சாதாரண நாளில் பத்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிடும்.

கபர் சிங்கின் உடல் கிடைக்கவில்லை. பிரான்சில் நூவ் ஷப்பேல் நினைவிடத்தின் 4,700க்கு மேற்பட்ட பெயர்களில் அவர் பெயரும் இருக்கிறது. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927 அக்டோபரில் திறந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் எந்த வீரரையும் பார்க்கலாம். தேடும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். நேகி, ராவத், பிஷ்ட் என்று குடிப்பெயரை மட்டும் போட்டால் நூற்றுக்கணக்கில் கொட்டும். ரெஜிமென்ட்டை முதலில் தேர்ந்து, பிறகு இறந்த ஆண்டைக் குறுக்கி, கடைசியாகப் பெயரைப் போடுங்கள். கபர், கோபர், கப்பர் என்று எழுத்து மாறி மாறி வரும், எல்லாவற்றையும் முயல வேண்டும். குறிப்பில் தந்தை பெயரும் ஊரும் இருந்தால் ஆளை உறுதிசெய்ய அதுவே போதும்.

சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்குக் கர்வாலுக்கு வராமலே இந்த ரெஜிமென்ட்டின் காலனி ஆட்சிக்கால அத்தியாயம் ஒன்று கிடைக்கும். மலாயாப் போரில் இரண்டாம் பட்டாலியன் குவாந்தானில் இருந்தது. 1942 ஜனவரி தொடக்கத்தில் விமானத்தளத்தைச் சுற்றிச் சண்டை நடந்தது. அதே மாத நடுவில் ஐந்தாம் பட்டாலியன் மூவார் ஆற்றங்கரையில் சிதைந்தது. 1941இல் திரட்டிய படை, பாதிப்பேர் பயிற்சி முடியாத இளைஞர்கள், பிரிகேட் தயாரானதோ பாலைவனப் போருக்கு. கிராஞ்சி நினைவிடத் தூண்களில் இவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ‘39’ என்று தேடினால் கிடைக்காது, 1922க்குப் பிந்தியவர்கள் என்பதால் தலைப்பில் ‘18ஆம் ராயல் கர்வால் ரைபிள்ஸ்’ என்று பார்க்க வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், தூண் வரிசைகளுக்கு இடையே வெயில் சீக்கிரம் ஏறிவிடும்.